'மனிதப் பிழை' என்ற கட்டத்துக்குள் அடங்காத விமான விபத்துகள்

2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்தது. அதில் ஓர் அட்டவணை. 2017 முதல் 2022 வரை இந்திய விமானப் படைக்கு நேர்ந்த 34 விபத்துகள் அதில் வரிசையாக இருக்கின்றன: விமானத்தின் வகை, தேதி, காரணம். ஒரு வரியில் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், தேதி 08.12.2021. காரணத்துக்கான கட்டத்தில் 'ஹெச்.இ. (ஏ)' என்று மட்டும் இருக்கிறது. விமானக் குழுவின் மனிதப் பிழை என்பதன் சுருக்கம் அது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரின் உயிரைப் பறித்த விபத்துக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விளக்கம் அவ்வளவுதான்.

அந்த 34 விபத்துகளில் 19-க்கு மனிதப் பிழையே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. பாதிக்கும் மேல். இதைப் படிப்பவருக்கு விமானிகள் கவனக்குறைவாக ஓட்டுகிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். ஆனால் ராணுவ விமான விபத்துகளின் நூறாண்டு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. மனிதப் பிழை என்று எழுதியதோடு கோப்பை மூடிய இடங்களில் அதே விபத்து மறுபடி நடந்தது. ஏன் அந்தப் பிழை வந்தது என்று அதற்குப் பின்னால் போய்க் கேட்ட இடங்களில்தான் விபத்து குறைந்தது.

குன்னூரையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 14 அன்று விமானப் படை வெளியிட்ட முதற்கட்ட முடிவு, இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றுமே இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்கு 'ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன்' (எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற உணர்வு தடுமாறுவது) ஏற்பட்டது, இயந்திரம் நல்ல நிலையில் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது. அன்று அலட்சியம் இல்லை என்றார்கள், மூன்று ஆண்டு கழித்து மனிதப் பிழை என்கிறார்கள், எது உண்மை என்று பலர் கேட்டார்கள். இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன. அது புரிய வேண்டுமானால் அந்தக் கடைசி நிமிடங்களில் ஒரு விமானியின் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும்.

சூலூரிலிருந்து காலை 11:48-க்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12:15-க்கு, ராணுவக் கல்லூரி நிகழ்ச்சி ஒன்றுக்காக, குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இறங்க வேண்டும். 12:08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. சூலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 380 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர். அரை மணி நேரத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டிய பாதை. வடகிழக்குப் பருவக் காலத்தில் சமவெளியின் ஈரக்காற்று நீலகிரியின் கிழக்குச் சரிவில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து, சரிவை ஒட்டியே மேகம் பிறக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஒரு கொண்டை ஊசி வளைவில் வெயில் அடிக்கும், அடுத்ததில் எதிரே வரும் பேருந்து தெரியாது.

நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தில் வளையும் நுண்ணிய மயிரிழைகள்தான் 'திரும்புகிறாய்' என்று மூளைக்குச் சொல்கின்றன. இதில் இரண்டு ஓட்டைகள். நொடிக்கு ஏறத்தாழ 2 டிகிரிக்கும் குறைவாக மெல்லச் சாய்ந்தால் குழல்கள் அதை உணரவே உணராது. ஒரே சீராக 20 நொடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழலின் வேகத்தைப் பிடித்துவிடும், திரும்புகிற உணர்வு அற்றுப்போகும். அப்போது விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று உடம்பு அலறும். கண்ணுக்கு அடிவானம் தெரிகிறவரை இந்தப் பொய்யைக் கண் திருத்திவிடும். மேகத்துக்குள் போனதும் திருத்த ஆளில்லை.

இது திறமை சார்ந்ததல்ல என்பதை 1954-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டினார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில். பயிற்சி பெற்ற ராணுவ விமானிக்கு இதே காதுதான். அவருக்கு உள்ள ஒரே வேறுபாடு, உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டுச் செயற்கை அடிவானம் காட்டும் கருவியை மட்டும் நம்பப் பழகியிருக்கிறார் என்பது. அந்த மாற்றத்துக்குச் சில நொடிகள் தேவை: பார்வையை உள்ளே திருப்பு, சாய்வை நேராக்கு, சக்தியைக் கூட்டு, வேகத்தைப் பிடி, பாதுகாப்பான உயரத்துக்கு ஏறு, மறுபடி வெளியே எட்டிப் பார்க்காதே.

சமவெளியின் மேல் அந்தச் சில நொடிகள் கிடைக்கும். பள்ளத்தாக்கில் கிடைக்காது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 55 மீட்டர். அந்த வேகத்தில் 20 டிகிரி சாய்வில் வந்த வழியே திரும்பினால் சுற்றும் வட்டத்தின் விட்டம் கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர். மலைகளுக்கு நடுவே, எதுவும் தெரியாமல், அவ்வளவு அகலம் எங்கே இருக்கிறது? எம்.ஐ.-17 வி5 ரகத்தில் வானிலை ரேடாரும் தானியங்கி ஓட்டும் கருவியும் உண்டு. ஆனால் தரையை ஒட்டிப் பார்வையை நம்பிப் பறந்துகொண்டிருப்பவர் திடீரென்று கருவிகளுக்கு மாற வேண்டிய அந்த இடைவெளியை எந்த ரேடாரும் நிரப்பாது.

ஆகவே 'ஹெச்.இ. (ஏ)' என்பது பொய்யல்ல. ஆனால் அடுத்த ஹெலிகாப்டரைக் காப்பாற்ற அது போதாது. பள்ளத்தாக்கின் நடுவழியில் மேகம் எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது என்று சூலூருக்குச் சொல்லக் கருவியோ ஆளோ உண்டா? எவ்வளவு பார்வைத் தூரத்துக்குக் கீழே போனால் திரும்பிவிட வேண்டும் என்ற வரம்பு என்ன? உயர் பதவியில் இருப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, நிகழ்ச்சி தொடங்கும் நேரம் நெருங்கும்போது, 'திரும்புகிறேன்' என்று சொல்லும் விமானிக்கு யார் பாதுகாப்பு? இவற்றுக்கு விடை தரும் பக்கங்கள்தான் மக்கள் கண்ணில் பட வேண்டியவை. அன்று எரியும் இயந்திரத்தை நோக்கித் தண்ணீரோடும் போர்வையோடும் ஓடிய நஞ்சப்பசத்திரம் மக்களுக்கு அவற்றைத் தெரிந்துகொள்ள எல்லா உரிமையும் உண்டு.

பிழையின் பின்னால் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு மிகப் பழைய சான்று 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு ஓடுதளம். போயிங் நிறுவனத்தின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் ராணுவத்தின் சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. நான்கு எஞ்சின், அந்தக் காலத்தில் பிரம்மாண்டம். தரையை விட்டதும் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கியது, வேகம் இழந்தது, விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், ராணுவத்தின் மிகத் தேர்ந்த சோதனை விமானிகளில் ஒருவர். அவரும் போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் காயத்தால் இறந்தார்கள்.

நடந்தது இதுதான். நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வால் பகுதி மடிப்புகளைக் காற்று அடித்து ஆட்டாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். பூட்டிய மடிப்போடு மூக்கை இறக்க வழியில்லை. மறதி என்று எழுதி முடித்திருக்கலாம். ராணுவ விமானிகள் அப்படி முடிக்கவில்லை. இவ்வளவு தேர்ந்த ஆள் மறக்கிறார் என்றால் எல்லோரும் மறப்பார்கள், நினைவை நம்பும் முறையே தவறு என்று முடிவுக்கு வந்தார்கள். ஓடும் முன், பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று வரிசையாகச் சரிபார்க்கும் பட்டியல் பிறந்தது. இன்று பயணிகள் விமானத்திலும், அறுவை சிகிச்சை அறையிலும் வாசிக்கும் 'செக்லிஸ்ட்' முறைக்கு வேர் அந்த ஓடுதளத்தில் இருக்கிறது. அந்த விமானம்தான் பின்னர் பி-17 ஆகப் போரில் பறந்தது.

அதே பி-17-இல் இரண்டாம் உலகப் போரின்போது இன்னொரு விசித்திரம். பத்திரமாகத் தரையிறங்கிய பின் விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள், விமானம் வயிற்றால் தேய்ந்து நிற்கும். இறக்கை மடிப்பை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தின் சுவிட்சை இழுத்துவிட்டதாகச் சொல்வார்கள். விமானியின் பிழை என்று எழுதினார்கள். ஆல்ஃபன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் 1943-இல் இதைப் பார்க்க அனுப்பப்பட்டார். பி-17 (B-17), பி-25 (B-25), பி-47 (P-47) என்று சில ரகங்களில் மட்டும் இது நடப்பதையும், சி-47-இல் நடக்காததையும் அவர் கவனித்தார். விமானிகளின் பயிற்சி ஒன்றுதான். பி-17-இன் விமானி அறைக்குள் உட்கார்ந்து பார்த்தபோது விளங்கிவிட்டது: ஒரே மாதிரி இரண்டு சுவிட்சுகள் பக்கத்துப் பக்கத்தில். சக்கரத்தின் சுவிட்சில் ஒரு சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடிப்பின் சுவிட்சில் ஓர் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டினார். விபத்து நின்றது. இன்று எந்த விமானத்தில் ஏறிப் பார்த்தாலும் சக்கர நெம்புகோலின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மிக்-21-ஐப் பார்க்க வேண்டும். 1963-இல் இந்திய விமானப் படையில் சேர்ந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். 2012 மே மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்ன கணக்கு: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகளும் 39 பொதுமக்களும் பிற படைகளைச் சேர்ந்த 8 பேரும் இறந்தார்கள். காரணங்கள்: மனிதப் பிழை, தொழில்நுட்பக் கோளாறு.

அந்த விமானத்தைத் தரையிறக்குவது எப்படி என்று பார்த்தால் இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறப்பதற்காக வடிவமைத்த சிறிய முக்கோண இறக்கை அதற்கு. குறைந்த வேகத்தில் அந்த இறக்கை தூக்கிப் பிடிக்காது. ஆகவே மூக்கை நன்றாக உயர்த்தியபடி மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டரில் ஓடுதளத்தைத் தொட வேண்டும். மூக்கு உயர்ந்தால் முன்னால் பார்வை மறைகிறது. மூக்கு உயர உயரக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது, வேகம் சரிகிறது. சரிவதைக் கண்டு சக்தியைக் கூட்டினால் பழைய டர்போஜெட் எஞ்சின் உடனே கேட்காது. அது சுழன்று வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் விமானம் தரைக்குப் போயிருக்கும். தொட்ட பிறகும் வாலில் இருக்கும் பாராசூட் விரிந்தால்தான் ஓடுதளத்துக்குள் நிற்கும்.

இதில் ஏறும் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயது விமானி அதுவரை எதில் பழகியிருந்தார்? கிரண் போன்ற, ஒலியின் வேகத்துக்கு வெகு கீழே பறக்கும், சாந்தமான பயிற்சி விமானங்களில். இரண்டுக்கும் நடுவே ஒரு படி தேவை, அதிவேகப் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-இலேயே விமானப் படை அதிகாரி லா ஃபொன்டெய்ன் தலைமையிலான குழு சொல்லிவிட்டது. 1997-இல் போர் விமான விபத்துகளை ஆராய அப்துல் கலாம் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. அந்தப் படியாக வரவிருந்த பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். முறைப்படி படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில், பீதரில். பரிந்துரைக்கும் விமானத்துக்கும் நடுவே 26 ஆண்டுகள். அந்த 26 ஆண்டில் விழுந்த இளம் விமானிகளின் பெயருக்கு எதிரே மனிதப் பிழை என்று இருந்தால், அந்த மனிதன் விமானி மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிக்-21-க்குப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று பெயர் வைத்தது அதை ஓட்டியவர்களுக்குப் பிடிக்காது. ஆறு தசாப்தம், நூற்றுக்கணக்கான விமானங்கள், லட்சக்கணக்கான பறப்பு மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால்தான் விகிதம் தெரியும். ஒற்றை எஞ்சின் என்பதையும் சேர்க்க வேண்டும். 2019 ஜூனில் அம்பாலாவில் கிளம்பிய ஜாகுவார் விமானத்தின் ஓர் எஞ்சினைப் பறவை பழுதாக்கியது. விமானி வெளி எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் உதிர்த்து எடையைக் குறைத்து, மற்ற எஞ்சினால் திரும்பி இறங்கினார். மிக்-21-இல் அதே பறவை மோதினால் மற்ற எஞ்சின் இல்லை. நம் விமானத் தளங்களைச் சுற்றிக் குப்பை மேடும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை பருந்தும் இருக்கும். இது விமானியின் பிழையுமில்லை, ரஷ்யத் தயாரிப்பாளரின் பிழையுமில்லை, ஊராட்சி நிர்வாகத்தின் பிழை.

ஏழை நாட்டில்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். மேற்கு ஜெர்மனி 916 எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர்களை வாங்கி 292-ஐ இழந்தது, 116 விமானிகள் இறந்தார்கள். நல்ல வானிலையில் உயரத்தில் பறக்கும் இடைமறிப்பு விமானமாகப் பிறந்ததைக் கூடுதல் எடையோடு, ஐரோப்பாவின் மூடுபனியில், தாழப் பறக்கும் குண்டுவீச்சுக்குப் பயன்படுத்தினார்கள். பயிற்சியோ அரிசோனாவின் தெளிந்த வானத்தில். 1966-இல் விமானப் படைக்குத் தலைமையேற்ற ஜொஹனஸ் ஸ்டைன்ஹாஃப் பயிற்சியையும் பராமரிப்பையும் மாற்றினார். பிறகு வெளியேறும் இருக்கையும் மாறியது.

'தொழில்நுட்பக் கோளாறு' என்ற மற்றக் கட்டமும் இதே போலத்தான் ஏமாற்றும். ஏதோ ஒரு பாகம் அன்று காலையில் உடைந்தது போல ஒலிக்கிறது. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் காந்தஹார் அருகே வெடித்துச் சிதறிய பிரிட்டனின் நிம்ராட் எக்ஸ்.வி.230 விமானத்தை எடுத்துப் பார்த்தால் அந்தக் காலை 37 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரியும்.

நிம்ராட், பழைய காமெட் பயணிகள் விமானத்திலிருந்து உருவான கடல் கண்காணிப்பு விமானம். 1969-இல் படையில் சேர்ந்தபோதே எஞ்சினின் சூடான காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தும் குழாய் ஒன்று எரிபொருள் தொட்டிகளுக்கு நெருக்கமாகப் போனது. உள்ளே 400 டிகிரி வரை சூடு. 1979 வாக்கில் கருவிகளைக் குளிர்விக்கக் கூடுதல் அமைப்பு ஒன்றை அந்தக் குழாயோடு இணைத்தார்கள். இப்போது அது பறக்கும் நேரம் முழுக்கச் சூடாகவே இருக்கும். 1982-இல் ஃபாக்லாந்து போர் அவசரத்தில் வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதியைப் பொருத்தினார்கள், 1989-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நிரப்பும்போது தொட்டி ததும்பினால் வால்வு வழியே எரிபொருள் வெளியே வழியும், பின்னோக்கி ஓடும். இப்படி மூன்று மாற்றங்கள், மூன்று வெவ்வேறு காலத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. மூன்றும் சேர்ந்தால் எரிபொருளும் சுடுகுழாயும் ஒரே அறையில். அந்த அறையில் தீயைக் கண்டறியும் கருவியும் இல்லை, அணைக்கும் கருவியும் இல்லை.

அன்று வானில் எரிபொருள் நிரப்பி முடித்து ஒன்றரை நிமிடத்தில், குண்டுகள் வைக்கும் வேறொரு அறையிலிருந்து, தீ எச்சரிக்கை. ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 14 பேர். தீ எரிந்த இடத்துக்குக் குழுவினர் கையால் போய்ச் சேர வழியே இல்லை, அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

வழக்கறிஞர் சார்லஸ் ஹேடன்-கேவ் 2009 அக்டோபரில் தந்த அறிக்கை இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டியது. 2001-க்கும் 2005-க்கும் இடையே இந்த விமானத்துக்கு ஒரு பாதுகாப்பு ஆய்வு நடந்திருந்தது. இத்தகைய ஆபத்துகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே நடந்த ஆய்வு. அதில் பட்டியலிட்ட ஆபத்துகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் முடிவு காணாமல் திறந்தே விடப்பட்டிருந்தன. பழைய விமானம், இத்தனை ஆண்டு பறந்திருக்கிறது, ஆகவே பாதுகாப்பானதுதான் என்ற நம்பிக்கையோடு தாளை நிரப்பியிருந்தார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 2010-இல் பிரிட்டன் ராணுவ விமானங்களுக்குத் தனி மேற்பார்வை ஆணையம் அமைத்தது.

கோளாறும் பிழையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதை 2008 பிப்ரவரி 23-இல் குவாம் தீவில் விழுந்த அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்தில் பார்க்கலாம். சுமார் 140 கோடி டாலர் மதிப்புள்ள விமானம், ஈரத்தால் விழுந்தது. காற்றின் அழுத்தத்தை அளந்து வேகத்தைக் கணிக்கும் 24 உணரிகளில் 3-இல் மழைக்காற்றின் ஈரம் புகுந்திருந்தது. அந்த நிலையிலேயே அவற்றை அளவு திருத்தினார்கள். பிறகு ஓடுதளத்தில் சூடேற்றியதும் ஈரம் ஆவியானது, திருத்திய அளவு தவறாகிவிட்டது. வேகம் உண்மையில் இருப்பதைவிட 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) கூடுதலாகத் திரையில் காட்டியது. விமானம் உரிய வேகம் எட்டும் முன் கிளம்பியது, கணினி மூக்கை 30 டிகிரிக்குத் தூக்கியது, இடது இறக்கை தரையில் தட்டியது. விமானிகள் இருவரும் வெளியேறிப் பிழைத்தார்கள்.

என் மனதை அரிப்பது அடுத்த தகவல். உணரிகளைத் திருத்தும் முன் சிறிது நேரம் சூடேற்றினால் ஈரம் போய்விடும் என்பது சில பராமரிப்பாளர்களுக்கும் விமானிகளுக்கும் 2006-இலேயே தெரிந்திருந்தது. கையேட்டில் அது ஏறவில்லை. வாய்வழியாகச் சிலருக்குப் போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள் எந்த நாட்டிலும் இதை உடனே அடையாளம் காண்பார்கள். ஒரு தளத்தில் மூத்த டெக்னீஷியன் கையோடு வைத்திருக்கும் நுணுக்கம், அவர் ஓய்வு பெற்றதும் காற்றோடு போய்விடும்.

2025 ஜனவரி 28-இல் அலாஸ்காவின் ஐல்சன் தளத்தில் விழுந்த எஃப்-35 போர் விமானத்தின் கதையும் அப்படித்தான். சக்கரக் கால்களில் இருக்கும் ஹைட்ராலிக் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். உறைகுளிரில் அது பனிக்கட்டியானது, மூக்குச் சக்கரம் கோணலாக நின்றது. விமானி பறந்தபடியே தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்களோடு 50 நிமிடம் தொலைபேசியில் பேசினார். சக்கரத்தை நேராக்க இருமுறை ஓடுதளத்தைத் தொட்டு எழும்பிப் பார்த்தார். இரண்டாவது முறையில் மற்றக் கால்களும் உறைந்து அமுங்கி நின்றன. கால்கள் அமுங்கியிருந்தால் தரையில் நிற்கிறோம் என்று கணினிக்கு அர்த்தம். வானத்தில் இருக்கும் விமானம் தரையில் ஓடும் முறைக்கு மாறிக்கொண்டது, பிறகு கட்டுப்படவில்லை. விமானி இருக்கையோடு வெளியேறினார். ஒன்பது நாள் கழித்து அதே தளத்தில் இன்னொரு எஃப்-35-இலும் உறைபனிச் சிக்கல் தென்பட்டது, அது பத்திரமாக இறங்கியது.

இத்தனை விவரம் எப்படிக் கிடைக்கிறது? கறுப்புப் பெட்டி ஒரு பகுதிதான் (அதன் நிறம் ஆரஞ்சு). விபத்து நடந்ததும் அந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகளைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். எரிபொருள் நிரப்பிய வண்டியிலிருந்து மாதிரி எடுப்பார்கள். எச்சரிக்கை விளக்கின் பல்பு இழையை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மோதும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை நீண்டு வளைந்திருக்கும், அணைந்திருந்தால் பட்டென்று ஒடிந்திருக்கும். அளவுமானியின் முள் மோதிய அதிர்ச்சியில் முகப்பில் அடித்துப் பதித்த தடத்தைத் தேடினால் கடைசி நொடியில் அது எந்த எண்ணில் நின்றது என்று தெரியும். எஞ்சின் விசிறித் தகடுகள் சுழற்சிக்கு எதிராக வளைந்திருந்தால் அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மோதியிருக்கிறது. நம் விசாரணை அதிகாரிகளும் இதைத்தான் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இரண்டு விசாரணை நடக்கும். ஒன்று பாதுகாப்புக்காக, சாட்சிகள் அச்சமின்றிப் பேசுவதற்காக ரகசியமாக. மற்றொன்றின் அறிக்கை மக்களுக்கு வெளியாகும். பிரிட்டனும் வெளியிடுகிறது. மேலே பி-2, எஃப்-35 பற்றிச் சொல்ல முடிந்தது அதனால்தான். இந்தியாவில் விசாரணை அறிக்கை வெளியாவதில்லை. நமக்கு மிஞ்சுவது நாடாளுமன்ற அட்டவணையின் ஒரு கட்டம்.

அதே நிலைக்குழு அறிக்கையில் நம்பிக்கை தரும் எண்ணும் உண்டு. 10,000 பறப்பு மணி நேரத்துக்கு விபத்து விகிதம் 2000-05-இல் 0.93. 2017-22-இல் 0.27. 2020-24-இல் 0.20. அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் 1,00,000 மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறார்கள், நம் எண்ணைப் பத்தால் பெருக்கிய பிறகே ஒப்பிடலாம். விபத்து என்று எதை எண்ணுகிறார்கள் என்ற வரையறையும் வேறு.

விகிதம் குறைந்தாலும் ஒவ்வொரு விமானமும் தன் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. 2016 ஜூலை 22 காலை 8:30 மணியளவில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏ.என்.-32 சரக்கு விமானம், எண் கே-2743, 9:12 வாக்கில் வங்காள விரிகுடாவின் மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. 23,000 அடியில் மேகத்தைத் தவிர்க்க இடப்பக்கம் திரும்பிய பிறகு வேகமாக உயரம் இழந்தது ரேடாரில் பதிவாகியிருந்தது. உள்ளே 29 பேர். விமானத்தில் இருந்த அவசரக் குறிகாட்டி ரேடியோ அலையில் பேசுவது. அந்த அலை நீருக்குள் செல்லாது, மூழ்கினால் அது ஊமை. கடலில் விழும் விமானத்துக்கு வேறு கருவி உண்டு: தண்ணீர் பட்டதும் தானே இயங்கி, நொடிக்கு ஒரு முறை 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் 30 நாள் துடிக்கும் ஒரு சிறு உருளை. சில கிலோமீட்டருக்குள் வரும் கப்பலின் ஒலிவாங்கிக்கு அது கேட்கும். கே-2743-இல் அது பொருத்தப்படவில்லை.

கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில் தேடலை நிறுத்தி, 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்கு எழுதினார்கள். ஏழரை ஆண்டு கழித்து, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றைக் கடலுக்குள் அனுப்பியது. கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், அது சிதறல்களைப் படம் பிடித்து வந்தது. 2024 ஜனவரியில் அந்தப் படங்களை ஏ.என்.-32-இன் பாகங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தின. அந்தக் கடற்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பதால், அது கே-2743-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.